லேபிளின் கடைசி வரி

நவீன கலை அருங்காட்சியகத்தில் எந்த ஓவியத்துக்கு முன்னால் நின்றாலும் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை இருக்கும். ஓவியர் பெயர், படத்தின் தலைப்பு, ஆண்டு, துணியில் எண்ணெய் வண்ணம் என்பது போன்ற விவரங்கள். பெரும்பாலோர் அதோடு நிறுத்திவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். அதற்கும் கீழே, இன்னும் சிறிய எழுத்தில், கடைசியாக ஒரு வரி உண்டு. அந்தப் பொருள் இங்கே எப்படி வந்தது, யார் கொடுத்தார்கள், எந்த ஆண்டு பதிவேட்டில் ஏறியது என்று அந்த வரி சொல்லும். ஒரு அருங்காட்சியகச் சேகரிப்பைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு உதாரணம். நியூயார்க்கில் உள்ள மோமா எனப்படும் நவீன கலை அருங்காட்சியகத்தில் வான்கோவின் 'நட்சத்திர இரவு' இருக்கிறது. வரைந்தது 1889இல். அதன் சேர்க்கை எண் 472.1941. அதாவது 1941இல் அந்தப் பதிவேட்டில் 472ஆவதாக ஏறியது. அதே கட்டடத்தில் பிக்காசோவின் 'அவிஞ்ஞோன் பெண்கள்' இருக்கிறது. வரைந்தது 1907இல், எண் 333.1939. இரண்டு அட்டைகளிலும் ஒரே பெயர் வரும்: மோமாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான லில்லி பிளிஸ். அவர் விட்டுச்சென்ற உயில் கொடையின் வழியாகப் பெறப்பட்டவை என்று எழுதியிருக்கும். ஆனால் பிளிஸ் அம்மையார் இந்த இரண்டு படங்களையும் வைத்திருந்ததே இல்லை. அவர் 1931இல் இறந்துவிட்டார். அவர் கொடுத்த வேறு படங்களில் சிலவற்றை விற்றோ மாற்றிக்கொண்டோ இவற்றை வாங்கினார்கள். பிக்காசோ உள்ளே வர ஒரு டெகா ஓவியம் வெளியே போனது. படங்களைத் தேவைப்பட்டால் கைமாற்றிக்கொள்ளலாம் என்று உயிலிலேயே இடம் வைத்திருந்தார் பிளிஸ். 'மாற்றாக' என்று அந்த அட்டையில் ஒரு சொல் வரும். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இப்போது உலகமே வந்து பார்க்கும் இரண்டு படங்கள், இன்னொன்றை விட்டுக்கொடுத்து வாங்கப்பட்டவை. நவீன கலையைச் சேகரிப்பது என்றால் என்ன என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

பழைய கலையைச் சேகரிக்கும் அருங்காட்சியகத்துக்கு ஒரு வசதி உண்டு. எது முக்கியம் என்று காலமே ஓரளவு சலித்துக் கொடுத்திருக்கும். வாழும் கலைஞர்களின் படைப்பை வாங்குகிறவர்களுக்கு அந்தச் சல்லடை கிடையாது. பிரெஞ்சு அரசு இதற்கு ஒரு சாமர்த்தியமான ஏற்பாட்டைச் செய்திருந்தது. 1818இல் பாரிஸின் லக்ஸம்பர்க் அரண்மனையில் வாழும் கலைஞர்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். ஓவியர் இறந்து ஏறக்குறைய பத்து ஆண்டு கழித்து, படம் இன்னும் மதிப்போடு இருந்தால் லூவ்ருக்குப் போகலாம். இல்லாவிட்டால் ஏதாவது ஊர் அலுவலகத்துக்கோ கிடங்குக்கோ. லக்ஸம்பர்க் ஒரு காத்திருப்பு அறை, அவ்வளவுதான்.

1929 நவம்பரில் மோமா தொடங்கியபோதும் கிட்டத்தட்ட இதே எண்ணம்தான் இருந்தது. ஆபி ராக்ஃபெல்லர், லில்லி பிளிஸ், மேரி சல்லிவன் என்ற மூன்று பெண்கள் முன்னின்று தொடங்கிய நிறுவனம் அது. பங்குச் சந்தை சரிந்து சில நாட்களே ஆகியிருந்தன. முதல் கொடையாக வந்தவை எட்டு அச்சுப் படங்களும் ஒரு கோட்டோவியமும். முதல் இயக்குநர் ஆல்ஃப்ரெட் பாருக்கு அப்போது வயது 27. சேகரிப்பை அவர் ஒரு டார்பிடோவாக, அதாவது நீருக்குள் பாயும் குண்டாக, வரைந்து காட்டினார். அதன் மூக்கு எப்போதும் முன்னால் போய்க்கொண்டிருக்கும் நிகழ்காலம். வால், ஐம்பதிலிருந்து நூறு ஆண்டு பழைய கடந்த காலம். டார்பிடோ நகர நகர வால் பகுதியில் இருப்பவை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் போன்ற பழைய நிறுவனங்களுக்குப் போய்விடும். 1947இல் இதற்கு ஒப்பந்தமே போட்டார்கள், சில படங்களும் கைமாறின.

நடைமுறையில் அது நிலைக்கவில்லை. செசானையும் வான்கோவையும் கையிலிருந்து விட யாருக்கு மனம் வரும்? பார்வையாளர்கள் வருவதே அவற்றுக்காகத்தானே. கொடுக்கிற பணக்காரர்களுக்கும் தங்கள் படம் எங்கே போய் முடியும் என்ற கவலை. 1953இல் மோமா மனம் மாறி, தலைசிறந்த படைப்புகளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. அன்றிலிருந்து 'நவீனம்' என்ற சொல் முன்னால் நகராமல் ஒரு காலகட்டத்தின் பெயராக உறைந்துபோனது. இன்று நவீன கலை என்றால் தோராயமாக 1860களிலிருந்து 1960கள் வரை, அதற்குப் பிறகு வந்தது சமகாலக் கலை என்று பிரித்துச் சொல்கிறோமே, அந்தப் பிரிவினைக்கு இந்த மாதிரி நிர்வாக முடிவுகளும் ஒரு காரணம்.

சரி, யார் கொடுத்தார்கள் என்பதற்கு வருவோம். அருங்காட்சியகங்கள் நவீன கலையைத் தாமாகத் தேடிப் போய் வாங்கியதைவிட, யாரோ கொண்டுவந்து கொடுத்து, அதையும் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்ட கதைகளே அதிகம். மானேயின் 'ஒலிம்பியா'வை ஓவியர் இறந்து ஏழு ஆண்டு கழித்து, 1890இல், மொனே நண்பர்களிடம் பணம் திரட்டி வாங்கி அரசுக்குக் கொடுத்தார். லக்ஸம்பர்க் வரைக்கும்தான் அது போக முடிந்தது. லூவ்ருக்குள் நுழைய 1907 ஆயிற்று.

குஸ்தாவ் கய்பாட்டின் கதை இன்னும் வலிக்கும். அவரே நல்ல ஓவியர், வசதியான குடும்பம். நண்பர்களின் படங்களை யாரும் வாங்காத காலத்தில் விலை கொடுத்து வாங்கியவர். 1876இலேயே உயில் எழுதிவிட்டார். தன் சேகரிப்பு அரசுக்குப் போக வேண்டும், ஆனால் பரணிலும் போடக்கூடாது, வெளியூர் அருங்காட்சியகத்துக்கும் அனுப்பக்கூடாது, முதலில் லக்ஸம்பர்க், அப்புறம் லூவ்ர். எழுதும்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1894இல் அவர் இறந்ததும் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ரெனுவாருடையது. அரசு இரண்டு ஆண்டு பேரம் பேசி, அறுபத்துச் சொச்சம் படங்களில் சுமார் நாற்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. மீதி வேண்டாம் என்றது. வேண்டாம் என்றவற்றில் இருந்தவர்கள் மொனே, செசான், பிஸ்ஸாரோ! எடுத்துக்கொண்ட நாற்பதில் ரெனுவாரின் 'மூலன் தெ லா கலேத் நடனம்' இருந்தது. இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் அதற்கு முன்னால் கூட்டம் விலகாது. அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் திருப்பி அனுப்பப்பட்ட படங்கள்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஒரு சேகரிப்பில் எது இல்லை என்பதும் அந்தச் சேகரிப்பின் வரலாறுதான். ஆனால் அதற்கு லேபிள் கிடையாது.

வந்து சேர்ந்தவை பிடுங்கப்பட்டதும் உண்டு. 1937இல் நாஜி அரசு ஜெர்மனியின் பொது அருங்காட்சியகங்களிலிருந்து ஏறக்குறைய 20,000 நவீன படைப்புகளை 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி அகற்றியது. அதில் சுமார் 650ஐ மியூனிக்கில் கேலிக்காகக் காட்சிக்கு வைத்தார்கள். இன்று அருவருப்பாகத் தோன்றும் இந்தக் கண்காட்சிக்கு அன்று இருபது லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். விற்றால் அந்நியச் செலாவணி வரும் என்பதால் 125 படைப்புகளை 1939 ஜூன் 30இல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் ஏலம் விட்டார்கள். ஏலத்தில் கலந்துகொள்வதே பாவம், அந்தப் பணம் ஆயுதமாக மாறும் என்று பலர் ஒதுங்கினார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தின் இயக்குநர் கியோர்க் ஷ்மிட் வேறு மாதிரி யோசித்தார். நாம் வாங்காவிட்டால் இவை எரிக்கப்படலாம். நகர நிர்வாகத்திடம் 50,000 பிராங்க் சிறப்பு நிதி வாங்கி, ஏலத்திலும் பெர்லினில் நேரடியாகவும் மொத்தம் 21 படைப்புகளை மீட்டார். அவற்றில் ஒன்று ஃபிரான்ஸ் மார்க்கின் 'விலங்குகளின் விதி'. அந்தப் படத்துக்கு அதற்கு முன்பே ஒரு கதை உண்டு. மார்க் முதல் உலகப் போரில் 1916இல் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஒரு கிடங்குத் தீயில் படத்தின் வலப்பக்கம் எரிந்துபோனது. நண்பர் பால் க்ளே அதைத் திரும்ப வரைந்தார், ஆனால் மங்கிய பழுப்பு நிறத்தில். எது நண்பனுடையது, எது தன்னுடையது என்று தெரியும்படி விட்டுவைத்தார். இன்றும் அந்தப் படத்தில் மூன்றில் ஒரு பங்கு பழுப்பாகவே இருக்கிறது. தீ, போர், பறிமுதல், ஏலம் எல்லாவற்றையும் கடந்து பாசலில் தொங்குகிறது.

அதே நகரத்தில் 1967இல் நடந்ததும் சொல்லியாக வேண்டியது. அருங்காட்சியகத்தில் நீண்ட காலமாக இரவலாக இருந்த இரண்டு பிக்காசோ படங்களை, ஒரு விமான விபத்தால் வந்த பண நெருக்கடியில், உரிமையாளரான குடும்ப அறக்கட்டளை விற்க முடிவு செய்தது. விலை 84 லட்சம் பிராங்க். 60 லட்சத்தை அரசு தரலாம் என்று மன்றம் தீர்மானித்தது. வரிப்பணத்தில் ஓவியமா என்று எதிர்ப்பு கிளம்பி, விஷயம் பொதுவாக்கெடுப்புக்குப் போனது. மீதி 24 லட்சத்துக்கு ஊரே தெருவில் இறங்கியது. 'பிச்சைக்காரர் விழா' என்றே பெயர் வைத்து, மாணவர்கள் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக் காசு சேர்த்தார்கள். டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 32,000 பேருக்கு மேல் ஆதரவாகவும், 27,000 பேருக்கு மேல் எதிராகவும் வாக்களித்தார்கள். படங்கள் தங்கின. இதைக் கேள்விப்பட்ட பிக்காசோ நெகிழ்ந்துபோய், இயக்குநரை வீட்டுக்கு அழைத்து மேலும் நான்கு படைப்புகளை இலவசமாகக் கொடுத்தார். அவற்றில் ஒன்று 'அவிஞ்ஞோன் பெண்கள்' ஓவியத்துக்காக அவர் செய்த ஆரம்ப வரைவு. எதிர்த்து வாக்களித்த 27,000 பேரையும் நான் மதிக்கிறேன். ஒரு ஊர் மக்கள் ஓவியத்தைப் பற்றி இவ்வளவு தீவிரமாக விவாதித்தார்கள் என்பதே பெரிய விஷயம்.

டெஹ்ரானில் வேறு மாதிரி ஆயிற்று. 1977இல் திறந்த சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் போலக், பேக்கன், வார்ஹோல் என மேற்கத்திய ஓவியர்களின் பெரிய சேகரிப்பு ஒன்று சேர்ந்திருந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு அவை நிலவறைக்குப் போயின. அங்கிருந்த வில்லெம் டி கூனிங்கின் 'பெண் 3' நிர்வாணச் சித்திரம், காட்சிக்கு வைக்கவே முடியாது. 1994இல் அதைக் கொடுத்து, வெளிநாட்டில் இருந்த 16ஆம் நூற்றாண்டு ஷா தஹ்மாஸ்ப் ஷாநாமா என்ற பாரசீகக் காவியச் சுவடியின் ஏடுகளை மாற்றாக வாங்கினார்கள். மறுபடியும் அதே சொல், 'மாற்றாக'. நவீனத்தைக் கொடுத்துப் பழமையை மீட்டது இந்த முறை. அந்த நாட்டு மக்களின் பார்வையில் அது நஷ்டம் என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. மீதிப் படங்களை நிலவறையில் பல பத்தாண்டுகள் சிதையாமல் காப்பாற்றிய ஊழியர்களைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை என்பதுதான் வருத்தம்.

விற்று வாங்கும் இந்தப் பழக்கம் சமீபத்தில் மறுபடி சூடுபிடித்திருக்கிறது. காரணம், பழைய சேகரிப்புகளில் இருந்த ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதுதான். பெண்கள் குறைவு, கறுப்பினக் கலைஞர்கள் குறைவு, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வெளியே இருந்தவர்கள் இன்னும் குறைவு. ஸ்வீடனின் ஹில்மா ஆஃப் கிளிண்ட் 1906இலேயே அரூப ஓவியங்களை, அதாவது எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டாத ஓவியங்களை, தொடங்கியவர். 2012இல் அரூபக் கலையின் பிறப்பைப் பற்றி மோமா நடத்திய கண்காட்சியில் அவர் இல்லை. ஆறே ஆண்டில் அதே நகரத்தின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தபோது ஆறு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகம் 2019இல் தன்னிடமிருந்த, ஓவியர் மார்க் ராத்கோவின் ஒரு படத்தை 5 கோடி டாலருக்குச் சற்று அதிகமான விலைக்கு விற்றது. அந்தப் பணத்திலிருந்து லியனோரா கேரிங்டன், லிஜியா கிளார்க், அல்மா தாமஸ் உட்படப் பத்துக் கலைஞர்களின் படைப்புகளை முதற்கட்டமாக வாங்கியது. அடுத்த ஆண்டு பால்டிமோர் அருங்காட்சியகம் வார்ஹோலின் 'கடைசி விருந்து' உள்ளிட்ட மூன்று படங்களை விற்க முயன்றபோது எதிர்ப்பு வெடித்து, ஏலத்துக்குச் சில மணி நேரம் முன்பு பின்வாங்கியது.

இதில் என் கருத்து ஒரு பக்கமாகச் சாய்ந்ததுதான். கட்டடப் பராமரிப்புக்கும் சம்பளத்துக்கும் படத்தை விற்பது தவறு. அப்படி ஒரு கதவு திறந்தால், நிதி தர வேண்டியவர்கள் எல்லாம் 'சுவரில் கோடிக்கணக்கில் தொங்குகிறதே' என்று கையை விரிப்பார்கள். ஆனால் ஒன்றை விற்று இன்னொன்றை வாங்குவதை முழுக்க மறுக்க முடியாது. மறுத்தால் 'நட்சத்திர இரவு' மோமாவில் இருக்க வாய்ப்பே இல்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. லக்ஸம்பர்க் அதிகாரிகளும் தங்கள் ரசனை சரி என்றுதான் நம்பினார்கள்.

விற்காமலேயே செய்யக்கூடியதும் உண்டு. ஃபெயித் ரிங்கோல்ட் 1967இல் வரைந்த, தெருவில் ரத்தம் சிந்தும் கலவரக் காட்சியை மோமா 2016இல்தான் வாங்கியது. வரைந்து கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு கழித்து. 2019இல் கூடங்களை மறுசீரமைத்தபோது அதைப் பிக்காசோவின் 'அவிஞ்ஞோன் பெண்க'ளுக்கு அருகிலேயே மாட்டினார்கள். இரண்டுக்கும் அறுபது ஆண்டு இடைவெளி. காலவரிசையை உடைக்கிறார்களே என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரியான செயலாகப் பட்டது. பிக்காசோவிடம் இருக்கும் வன்முறை, ரிங்கோல்ட் பக்கத்தில் இருக்கும்போதுதான் உறைக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் சுவரில் மாட்டக்கூடிய பொருட்களைப் பற்றி. 1960களுக்குப் பிறகு பொருளே கைநழுவத் தொடங்குகிறது. கார்ல் ஆண்ட்ரே 1966இல் 120 சூளைக்கல்லை இரண்டு அடுக்காகத் தரையில் பரப்பி ஒரு படைப்பைச் செய்தார். அது விற்காததால் கற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். லண்டனின் டேட் அருங்காட்சியகம் 1972இல் அதை வாங்க விரும்பியபோது புதிய கற்களை வாங்கி மறுபடி செய்தார். 1976இல் பத்திரிகைகளுக்கு விஷயம் தெரிந்து, செங்கல்லுக்கா மக்கள் பணம் என்று பெரிய ரகளை. யாரோ அதன்மேல் நீலச் சாயத்தை ஊற்றிவிட்டார்கள். டேட் அசையவில்லை, இன்னும் வைத்திருக்கிறது.

ஆனால் டேட் வாங்கியது எதை? கற்களையா, அவற்றை அடுக்கும் முறையையா? சால் லெவிட்டின் சுவரோவியங்களை வாங்கினால் கைக்கு வருவது ஒரு சான்றிதழும் வரைபடமும்தான். அதைப் பார்த்து வேறு ஆட்கள் சுவரில் வரைவார்கள். கண்காட்சி முடிந்தால் வெள்ளையடித்துவிடலாம், வேறு ஊரில் மறுபடி வரையலாம். ஃபெலிக்ஸ் கொன்ஸாலெஸ் டோரஸ், எய்ட்ஸில் இறந்த தன் துணைவர் ராஸின் நினைவாக 1991இல் ஒரு மூலையில் மிட்டாய்களைக் குவித்தார். குவியலின் லட்சிய எடை 175 பவுண்டு, சுமார் 79 கிலோ. பார்வையாளர்கள் ஆளுக்கொன்று எடுத்துச் சாப்பிடலாம், குவியல் கரையும். அருங்காட்சியகம் மறுபடி நிரப்பலாம். தீர்ந்துபோகக்கூடிய ஒன்றைத் தீராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத்தான் இங்கே சேகரிப்பில் சேர்த்திருக்கிறார்கள். இதைவிட மென்மையான ஒரு ஒப்பந்தத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

டினோ சேகல் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் படைப்புகள் மனிதர்கள் செய்யும் அசைவுகளும் பேச்சும். விற்பனை வாய்மொழியில்தான் நடக்கும், எழுத்தில் ஒன்றும் இருக்காது, புகைப்படமும் கூடாது. அவருடைய 'முத்தம்' படைப்பை மோமா 2008இல் அப்படித்தான் வாங்கியது. அதை எப்படிச் செய்வது என்பது சில ஊழியர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. மின்னஞ்சலில் நாம் தட்டும் @ குறியையும் 2010இல் அதே அருங்காட்சியகம் தன் வடிவமைப்புச் சேகரிப்பில் சேர்த்தது. வாங்கவும் இல்லை, வைத்துப் பூட்டவும் இல்லை. அதற்கு விலையும் கிடையாது, அது எல்லோருடையதும்தான்.

கையில் பொருள் இருக்கும் இடத்திலும் நிம்மதி இல்லை. தென்கொரியாவின் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் நாம் ஜுன் பைக் 1988இல் 1,003 டிவி பெட்டிகளால் எழுப்பிய கோபுரம் இருக்கிறது. பழைய குழாய்த் திரைகள் பழுதாகி, தீ அபாயம் வந்து, 2018இல் அதை அணைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் புதிய தட்டைத் திரைகளாக மாற்றிவிடலாமா, அப்படி மாற்றினால் அது பைக்கின் படைப்பா? நான்கு ஆண்டு ஆலோசனைக்குப் பிறகு, முடிந்தவரை பழைய குழாய்த் திரைகளையே தேடிப் பிடித்துச் சரிசெய்து, உச்சியிலிருந்த சிறிய திரைகளுக்கு மட்டும் எல்சிடி பொருத்தி 2022இல் மறுபடி ஒளிரவிட்டார்கள். அந்தக் குழாய்கள் இப்போது உற்பத்தியிலேயே இல்லை. ஈவா ஹெஸ்ஸே லேடெக்ஸில் செய்த சிற்பங்கள் பழுப்பேறி மொறுமொறுப்பாகிவிட்டன. நிலைக்காது என்று அவருக்கே தெரியும். 1970இல், 34 வயதில் அவர் இறந்துவிட்டதால், என்ன செய்யலாம் என்று கேட்கவும் ஆள் இல்லை.

இந்த மாதிரி முடிவுகளில் என்னை விடாமல் துரத்துவது ராத்கோவின் ஹார்வர்டு சுவரோவியங்கள். 1964இல் பல்கலைக்கழகத்தின் ஒரு விருந்து அறையில் ஐந்து பெரிய ஓவியங்களை மாட்டினார்கள். அவர் பயன்படுத்திய லிதால் சிவப்பு வெளிச்சம் பட்டால் வெளுக்கும் நிறமி. அறையின் பெரிய ஜன்னல்கள் வழியாக வெயில் வந்துகொண்டே இருந்தது. கருஞ்சிவப்பு மெல்ல மெல்ல வெளிறிய நீலமாயிற்று. 1979இல் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டார்கள். மேலே வண்ணம் பூசினால் அது ராத்கோவின் தூரிகையாக இருக்காது. அவர் ஓவியங்களுக்கு வார்னிஷ் கிடையாது, பூசியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

பாதுகாப்பு நிபுணர்கள் கடைசியில் படத்தைத் தொடாமலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1964இல் எடுத்த வண்ணப் படச்சுருள்களையும், அறையில் மாட்டப்படாததால் வெளுக்காமல் தப்பிய ஆறாவது ஓவியத்தையும் வைத்து, பழைய நிறம் என்னவாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஒவ்வொரு ஓவியத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் எந்த நிறம் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அந்த நிறத்தை மட்டும் புரொஜெக்டர் வழியாக ஒளியாகப் பாய்ச்சினார்கள். 2014 நவம்பரில் ஹார்வர்டு கலை அருங்காட்சியகத்தில் ஐந்து ஓவியங்களும் முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு சிவந்து நின்றன. பார்வையாளர் கையை நீட்டினால் நிழல் விழுந்து, அந்த இடத்தில் மட்டும் வெளுத்த துணி தெரியும்.

தினமும் மாலை 4 மணிக்குப் புரொஜெக்டரை அணைத்துவிடுவார்கள். வந்தவர்கள் அதற்காகவே காத்திருந்து பார்த்தார்கள். அதன்பின் மூடும் வரை, ஓவியங்கள் இப்போது உண்மையில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே சுவரில் இருந்தன.